வைத்தியசாலைக்கு முந்திய நேரம்: திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளும் சுகாதாரச் செயலறிவும்

1. பொருளும் எல்லையும்

காய்ச்சலானாலும் பாம்புக்கடியானாலும் நீரில் மூழ்கியதானாலும், வைத்தியர் நோயாளியைக் காண்பதற்கு முன் ஒரு நேரம் கழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் முடிவெடுப்பவர்கள் தாய், அண்ணன், அயலவர், வகுப்பாசிரியர், சில வேளை பத்து வயதுப் பிள்ளை. என்ன கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது, எப்போது புறப்படுவது, யாருக்கு அழைப்பது என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடுகின்றன. பாடசாலை ஏன் சுகாதாரச் செயல்திறனைக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நேரமே முதல் விடை என்று இக்கட்டுரை கொள்கிறது.

ஆய்வுக்களம் திருகோணமலை மாவட்டம். ஆழ்ந்த இயற்கைத் துறைமுகத்தை ஒட்டி நகரம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர், அதற்கும் தெற்கே வெருகல். தம்பலகாமக் குடாவின் அருகே கிண்ணியா. வடகரையில் நிலாவெளி, குச்சவெளி. உள்நாட்டில் கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. மகாவலி கங்கை கடலைச் சேருவதும் இங்கேதான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நகரத்துக்குப் போக நினைத்த கிண்ணியா மக்கள் படகுப் பாதைக்குக் காத்து நின்றார்கள். மூதூர், வெருகல் வழியில் மேலும் பல துறைகள் இருந்தன. கிலோமீற்றர் கணக்கில் சிறிய தூரம் நேரக் கணக்கில் நீண்டுவிடும் நிலம் இது.

சுகாதார எழுத்தறிவு பற்றிய ஆய்வுகளில் டொன் நட்பீம் 2000ஆம் ஆண்டு முன்வைத்த மூன்று படிநிலைகள் இன்றும் பயன்படுகின்றன. மருந்து உறையையும் அறிவித்தலையும் வாசித்து விளங்குவது முதல் நிலை. கேள்வி கேட்டு, தன் நிலையை எடுத்துச் சொல்லி, பெற்ற தகவலைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்வது இரண்டாம் நிலை. தகவலையே சோதித்துப் பார்ப்பதும், தன் ஊரின் நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளை மாற்ற முயல்வதும் மூன்றாம் நிலை. நம் பாடப்புத்தகங்கள் முதல் நிலையை ஓரளவு தொடுகின்றன. மற்ற இரண்டும் வகுப்பறைக்குள் அரிதாகவே நுழைகின்றன.

2. ஏன் பாடசாலை?

இலங்கையில் 1940களின் நடுவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140 அளவில் ஒரு வயதை எட்டாமலே இறந்தன. இன்று அந்த எண் பத்துக்கும் கீழ். இவ்வளவு பெரிய வீழ்ச்சி, செல்வந்த நாடாக ஆகாமலே எப்படி நிகழ்ந்தது என்பதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியக் குடித்தொகையியலாளர் ஜோன் கால்ட்வெல். இலங்கை, கேரளம், கொஸ்தாரிக்கா ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 1986இல் அவர் எழுதிய கட்டுரை, வைத்திய சேவையோடு பெண்களின் பள்ளிக்கல்வியையும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக வைத்தது. படித்த தாய் நோயைச் சீக்கிரம் கவனிக்கிறாள், வைத்தியரிடம் தயங்காமல் போகிறாள், குணமாகாவிட்டால் திரும்பவும் போகிறாள். அந்தத் துணிவை அவளுக்குத் தந்தது சுகாதாரப் பாடம் மட்டுமல்ல, பாடசாலை வாழ்க்கை முழுவதுமே. ஆயினும் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: இந்த நாட்டில் பாடசாலையும் வைத்தியசாலையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றின் வேலையை மற்றது தாங்கி வந்திருக்கின்றன.

நிர்வாக அமைப்பும் அப்படியே வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது நோய் வரும் முன் காக்கும் பணிக்கு ஊர்தோறும் ஆட்கள் வந்தார்கள். இன்று சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் உயரம், நிறை, பார்வை, பல் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். 7ஆம் தரத்தில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி போடப்படுகிறது. 2017 முதல் 6ஆம் தர மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியும் கிடைக்கிறது. பிள்ளையைத் தேடி வைத்தியம் வருகிறது என்றால் அந்தச் சந்திப்பு நிகழும் இடம் பாடசாலைதான். ஆனால் இந்தச் சந்திப்பு பாடமாக மாற்றப்படுவதில்லை. நிறை பார்க்கப்பட்ட பிள்ளைக்குத் தன் நிறை எதைக் காட்டுகிறது என்பது தெரியாது. ஊசி போட்ட பிள்ளைக்கு அது எதற்கு என்பது தெரியாது. வீட்டில் கேட்டால் சொல்லவும் முடியாது.

இன்னொரு காரணம் இந்த மாவட்டத்தில் மிக வலுவானது. இங்கே பல வீடுகளில் கடிதம் வாசிப்பவர், கைத்தொலைபேசியில் தேடுபவர், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய படிவத்தை நிரப்புபவர் பாடசாலைப் பிள்ளை. அம்மம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைப் பார்த்து, எந்தக் குளிசை காலையில், எது சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்வது அந்தப் பிள்ளையின் பொறுப்பாகவே ஆகிவிட்டது. 1978இல் இலண்டனில் டேவிட் மோர்லி முதலானோர் தொடங்கிய ‘குழந்தையிடமிருந்து குழந்தைக்கு’ இயக்கம், மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் பராமரிக்கும் நாடுகளில் அந்த மூத்த பிள்ளைக்கே சுகாதாரம் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டது. நம் வீடுகளில் அது ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சி மட்டும்தான் இல்லை.

3. கிண்ணியா, 2017

2017இல் இலங்கை அதுவரை காணாத டெங்குப் பெருக்கைக் கண்டது. அந்த ஆண்டில் 186,101 பேர் டெங்கு நோயாளர் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டின் உச்சம் யூலையில் வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் உச்சமோ அதற்கு நான்கு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. கிண்ணியா வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. பல உயிர்கள் போயின. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன.

3.1 பருவம்

மேற்கில் தென்மேற்குப் பருவமழை. கிழக்கில் ஒக்டோபரிலிருந்து சனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மழை தணிந்து தண்ணீர் ஆங்காங்கே தேங்கி நிற்கும் நாட்களே நுளம்பின் நாட்கள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஆவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே கிழக்கின் பிள்ளைக்கு டெங்குப் பாடம் ஒக்டோபர், நவம்பரில் வேண்டும். கொழும்பில் தயாராகும் பாடத்திட்டத்தில் அந்த அத்தியாயம் எந்தத் தவணையில் வந்தாலும் சரி, இங்கே அதை முன்னே இழுக்க ஆசிரியருக்கு உரிமை இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறைக்குக் கதவைப் பூட்டும் பாடசாலையே நுளம்புப் பண்ணையாகிவிடக் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. கழிவறை வாளி, பீலி, நீர்த்தொட்டி, உடைந்த கதிரைகளுக்கிடையே கிடக்கும் தகரம் எல்லாமே அங்கே உண்டு.

3.2 உவர்நீர்

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில் பெருகும் என்பதுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2011இல் ரஞ்சன் ராமசாமி, சின்னத்தம்பி சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் கிழக்கிலும் வடக்கிலும் கரையோரங்களை ஆராய்ந்து, ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வதைக் காட்டினார்கள். பாவனையற்ற கிணறுகள், எறியப்பட்ட போத்தல்கள், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள் ஆகியவற்றில் தேங்கிய நீரில் அவை இருந்தன. கரையோரத்தில் வாழும் எவருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். கரைக்கு இழுத்துப் போட்ட பழைய வள்ளத்தின் அடியில் உப்புக் கலந்த மழைநீர் நிற்பதைக் காணாத கடற்கரைப் பிள்ளை இல்லை. அதில் கரண்டியால் கோலி, வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, குடம்பி நெளிகிறதா என்று பார்ப்பது ஒரு பாடவேளைக்குள் முடியும் வேலை. பாடப்புத்தகம் சொன்னதைத் தன் கண்ணால் சோதித்து, தன் ஊருக்கு எது பொருந்தும் என்று கண்டறிவது நட்பீமின் மூன்றாம் நிலை. அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

3.3 காய்ச்சல் விடும் நாள்

டெங்குவில் மிகக் கொடிய தவறு ஒன்று உண்டு. அது அன்பிலிருந்து பிறக்கும் தவறு. நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்று வீடு ஆறுதல் கொள்கிறது. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கி ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். வயிற்றுவலி, அடங்காத வாந்தி, குளிர்ந்த கைகால், குறைந்த சிறுநீர், முரசிலிருந்து இரத்தம், சோர்ந்து தூங்கும் தன்மை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தப்போக்கை மோசமாக்கும். நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டுமே.

இந்த நான்கைந்து வாக்கியங்களைத் திறம்பட எழுதிப் புள்ளி பெறும் மாணவர் பலர். தம்பிக்குக் காய்ச்சல் விட்ட அன்று, ‘அம்மா, இன்றைக்குத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் மாணவர் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. பாடம் வெற்றி பெற்றதா என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடும்.

4. நீரின் அருகில் வாழ்தல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இந்த மாவட்டத்தில் ஆயிரம் அளவில் உயிர்களைக் கொண்டுபோனது. அன்று தாய்லாந்தின் பூக்கெற் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவில் வைத்து, கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டு கூவி எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். பாடசாலைப் பாடம் உயிர் காக்கும் என்பதற்கு உலகெங்கும் சொல்லப்படும் சான்று இது.

ஆனால் இதை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆபத்து. நிலநடுக்கத்தை உண்டாக்கிய கடலடிப் பிளவின் கிழக்குப் புறத்திலிருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்குப் புறத்திலிருந்த இலங்கையின் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏறிய நீர். உள்வாங்கல் அதன் பின்னரே நேர்ந்தது. நில அதிர்வும் இங்கே எச்சரிக்கை எனக் கொள்ளத்தக்க அளவில் உணரப்படவில்லை. சுமாத்திராவுக்கு அருகேயுள்ள சிமெலுயே தீவு மக்களை 1907ஆம் ஆண்டுப் பேரலையின் வாய்வழி நினைவு காத்தது. அதிர்ந்ததும் அவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். நமக்கு அந்த அடையாளமும் கிட்டாது. நமக்கு வாய்த்தது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரம் மட்டுமே. ஆகவே திருகோணமலைப் பிள்ளை பழக வேண்டியது வேறு: எச்சரிக்கை எந்த வழியில் வரும், அதை யார் நம்பத்தக்க முறையில் சொல்வார், தன் வீட்டிலிருந்தும் தன் வகுப்பிலிருந்தும் மேட்டுநிலம் எந்தப் பக்கம், நடக்க முடியாத தாத்தாவை யார் தூக்குவது, முதல் அலை வடிந்ததும் மீன் பொறுக்கப் போகக் கூடாது என்பது ஏன்.

பேரலை தலைமுறைக்கு ஒருமுறை வரும். நீரில் மூழ்குதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2021 நவம்பர் 23 காலை கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் மக்கள் பயன்படுத்திய படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் இறந்தவர்களுள் இருந்தார்கள். இதன் பொறுப்பு பெரியவர்களுடையது; பாதுகாப்பற்ற படகில் பிள்ளையை ஏற்றிவிட்டு அவனுக்கு நீச்சல் தெரியவில்லை என்று சொல்வது அறமல்ல. அதை அழுத்திச் சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்கிறேன்: கடலும் குடாக்களும் ஆறும் உள்ள இந்த மாவட்டத்தில் மிதக்கத் தெரியாமல் 9ஆம் தரத்தைக் கடக்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், ஏராளம். மிதத்தல், மூச்சுப் பிடித்தல், மூழ்குபவருக்குக் கயிறோ கம்போ வெற்றுக் கலனோ எறிதல், பின்னால் குதிக்காதிருத்தல், கரையேற்றியவருக்குச் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் கொடுத்தல் ஆகிய ஐந்தும் இங்கே கணிதத்துக்கு இணையான அடிப்படைக் கல்வி. பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர், தகுந்த உடை, மறைவான இடம் ஆகியவற்றைப் பெற்றோர் கேட்பது நியாயமான கோரிக்கை. அதைத் தடையாகக் காணாமல் ஏற்பாடாகக் காண வேண்டும்.

உள்நாட்டுப் பிரதேசங்களுக்கு வேறு பாடம். இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400 மரணங்களும் நேர்வதாக நாடு தழுவிய வீட்டாய்வு ஒன்று மதிப்பிட்டது. நிலத்தில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியும் வீக்கமும் அநேகமாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலியோடும் கனக்கும் இமைகளோடும் எழுபவரை வீட்டார் வாயு என்று எண்ணிவிடுவார்கள். இதைத் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும்.

5. வாய் கற்பதும் கை கற்பதும்

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற நீரிழப்பு நீக்கும் தூளைக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் நீரில் கரைக்கச் சொல்லிப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தால் கதை வேறு. அரைக் கோப்பை நீரில் முழுப் பைக்கற்றையும் கொட்டினால் உப்பு மிகுந்து தீங்காகும்.

இந்த வேறுபாட்டை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட முயற்சி பங்களாதேஷில் நடந்தது. 1980 முதல் 1990 வரை பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, உப்பையும் வெல்லத்தையும் விரலளவில் எடுத்து நீரில் கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளைத் தாண்டினார்கள். ஊழியரின் ஊதியம் எத்தனை வீடு போனார் என்பதால் தீர்மானிக்கப்படவில்லை. பின்னொரு நாள் வேறொருவர் அந்த வீட்டுக்குப் போய், தாய் நினைவில் வைத்திருப்பதைக் கேட்டு, அவள் கையால் கரைத்த நீரின் மாதிரியைச் சோதனைக்கு எடுத்தார். அந்த மதிப்பே கற்பித்த ஊழியரின் ஊதியத்தைத் தீர்மானித்தது. கற்பித்தலின் அளவுகோலைக் கற்றவரின் கையில் வைத்த இந்த ஒழுங்கை நம் கல்வி வலயங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

தொலைவுக்கும் போக வேண்டியதில்லை. வடக்குக் கிழக்குப் பாடசாலைகளில் யுனிசெப் ஆதரவுடன் நடந்த மிதிவெடி அபாயக் கல்வியை இந்த மாவட்டத்து ஆசிரியர் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். தெரியாத பொருளைத் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல். பாடம் அவ்வளவே. படங்களோடும் நாடகத்தோடும் திரும்பத் திரும்பச் செய்து காட்டப்பட்டதால் சிறுவர்களின் உடலிலேயே அது பதிந்தது. பரீட்சைக்கு வராத பாடத்தை முழுப் பாடசாலையும் கற்றது. கற்காவிட்டால் உயிர் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். டெங்குவும் நீரும் அதே அளவு நம்பிக்கையோடு கற்பிக்கப்பட வேண்டியவை என்பதே என் வாதம்.

டென்மார்க்கில் 2005 முதல் ஆரம்பப் பாடசாலைகளில் நெஞ்சழுத்தப் பயிற்சி கட்டாயமாயிற்று. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அது வேண்டப்பட்டது. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அருகிலிருந்தோர் உதவிய வீதம் 2001இல் நூற்றுக்கு 21 ஆக இருந்தது, 2010இல் 45 ஆக உயர்ந்தது. வேறு பல சீர்திருத்தங்களும் அங்கே சேர்ந்திருந்ததால் முழுப் புகழையும் பாடசாலைக்குக் கொடுக்க முடியாது. அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்கவும் முடியாது.

6. வாசித்தல், சொல்லுதல், சந்தேகித்தல்

2016 ஓகஸ்ட் 1 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல சட்டம். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் என்பதை 400 மில்லிலீற்றர் போத்தலுக்குப் பெருக்கி, 44 கிராம், ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டி என்று கண்டுபிடிப்பது 6ஆம் தரக் கணிதம். அதை அங்கே செய்தால் இரு பாடமும் பயன்பெறும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. அழைக்கும் பிள்ளை இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: எந்தப் பிரதேசம், எந்த வீதி, அருகே எந்தக் கோவில், பள்ளிவாசல், பன்சலை. நோயாளி மூச்சுவிடுகிறாரா, பேசுகிறாரா, எப்போது தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மொழி பேசும் மாவட்டத்தில் இந்தப் பத்து வாக்கியங்களைத் தமிழ்ப் பிள்ளை சிங்களத்திலும், சிங்களப் பிள்ளை தமிழிலும் கற்பது இரண்டாம் மொழிப் பாடத்துக்கு உயிரூட்டும். ‘தலையிடி’, ‘நெஞ்சு நோகுது’, ‘சலம் போகவில்லை’ என்று வைத்தியருக்கு விளங்கச் சொல்ல முடியாமல் பாதி மருந்தோடு திரும்புவோர் இன்னும் இருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘கெமிஸ்தம்’ உள்ளிட்ட நூல்களைத் தமிழில் வெளியிட்டார். மக்கள் மொழியில் மருத்துவம் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தத் தீவில் அவ்வளவு வயது.

சந்தேகித்தலும் கற்பிக்கப்பட வேண்டும். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய ‘கொரோனாப் பாணி’க்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர்; அரசியல் தலைவர்களும் அதைப் பருகினர். அவர்களை இகழ்வதில் பயனில்லை. பயந்த மனிதர் கிடைத்ததைப் பற்றுவார். இதை யார் சொன்னார், எத்தனை பேரில் சோதித்தார், சொல்பவருக்கு இலாபம் உண்டா என்ற மூன்று கேள்விகளைப் பன்னிரண்டு வயதில் பழகியவர் அந்த வரிசையில் நிற்கும் முன் ஒரு கணம் யோசிப்பார். எச்.பி.வி. ஊசி பற்றி வட்ஸ்அப்பில் வரும் வதந்திக்கும் இதே கேள்விகள் போதும்.

7. மூன்று மறுப்புகள்

முதலாவது, நேரமில்லை என்பது. சுகாதாரமும் உடற்கல்வியும் 9ஆம் தரம் வரை எல்லோருக்கும் உண்டு. சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடம். ஆகவே மூழ்குதல், டெங்கு, மருந்துப் பாவனை ஆகியவை 9ஆம் தரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நேரம் இருக்கிறது, வரைவிலக்கணங்களை மனனம் செய்வதில் கரைகிறது.

இரண்டாவது, பெற்றோரின் தயக்கம், குறிப்பாக இனப்பெருக்கச் சுகாதாரத்தில். ‘அந்தப் பாடத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று கடந்துபோகும் வகுப்பறைகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் நிகழும் ஊர்களில் இந்த மௌனத்தின் விலையைச் சிறுமிகளே கொடுக்கிறார்கள். கோவில், பள்ளிவாசல், தேவாலய, விகாரைப் பெரியோரையும் தாய்மாரையும் முன்கூட்டியே அழைத்துப் பாடத்தைக் காட்டி, குடும்ப நல மாதுவைக் கொண்டு கற்பித்தால் பெரும்பாலான எதிர்ப்பு கரையும். அவரை எல்லா வீடும் அறியும். பிறந்த நாள் முதல் பிள்ளையை நிறுத்தவர் அவர்.

மூன்றாவது மறுப்பை நான் மிக மதிக்கிறேன். அரசும் உள்ளூராட்சியும் செய்ய வேண்டியதைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதா? குப்பை அள்ளப்படாத தெருவில் சிரட்டை கவிழ்ப்பது மட்டும் எப்படிப் போதும்? போதாது. அதனால்தான் மூன்றாம் நிலையை விடக் கூடாது. வகுப்பு தன் தெருவின் வரைபடத்தில் தேங்கிய நீரையும் அள்ளாத குப்பையையும் குறித்து, நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கடிதம் எழுதி, பதிலைக் கேட்டு வாங்கப் பழகுவதும் சுகாதாரப் பாடமே. குறிஞ்சாக்கேணியில் உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும்.

8. மாவட்டத்துக்குரிய ஏற்பாடு

திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்களுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. கரையோர வலயங்கள் நீரையும் டெங்குவையும் முன்னிறுத்தட்டும். கந்தளாயும் உட்பகுதியும் பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கிருமிநாசினிப் பாதுகாப்பு ஆகியவற்றை. பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும் நாளை விடுமுறை போலக் கழிக்காமல், தன் உயரம் நிறைகளைப் பிள்ளையே வரைபடத்தில் குறித்துக்கொள்ளும் பாட நாளாக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

9ஆம் தர இறுதியில் ஒரு செய்முறைத் தேர்வு வேண்டும். ஒரு லீற்றர் நீரில் ஜீவனி கரைத்தல். அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைப் போன்ற ஒரு தாளைப் பார்த்து மருந்து நேரம் சொல்லுதல். 1990க்கு இரு மொழியில் அழைத்துக் காட்டுதல். பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அழுத்துதல். ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்ட தம்பியாக நடிக்கும் சகமாணவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிவெடுத்தல். தேர்வாளராகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப நல மாதுவும் ஆசிரியரோடு அமரட்டும். தவறியவருக்குப் புள்ளி குறைப்பதற்குப் பதில் மறுவாரம் மீண்டும் செய்யச் சொல்ல வேண்டும், கைவரும் வரை.